டாங்கி வாலில் காய்ந்த துணி

ஸ்கேன் அக்காவுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அந்த வருஷம் அவள் பட்ட பாட்டைக் கேட்கிறவர்கள் பாதியிலேயே "ஐயோ, அப்புறம்?" என்று நெஞ்சைப் பிடித்துக்கொள்கிறார்கள். எல்லாம் நல்லபடியாகத்தான் முடிந்தது. இன்றைக்கும் அவள் அதே ஆஸ்பத்திரியில், அதே இருட்டறையில்தான் வேலை பார்க்கிறாள். வருகிறவர்களின் வயிற்றில் சில்லென்று ஜெல்லைத் தடவி, மானிட்டரில் கண்ணை வைத்துக்கொண்டு, பித்தப்பையையும் சிறுநீரகத்தையும் பார்த்து எழுதிக் கொடுக்கிறாள்.

'ஸ்கேன் அக்கா' அக்கம்பக்கத்தார் வைத்த பெயர். காய்கறிக் கடையில் நின்றால்கூட யாராவது பக்கத்தில் வந்து விலாவைத் தொட்டுக் காட்டி, "இங்க லேசா வலிக்குதுக்கா, கல்லா இருக்குமோ?" என்பார்கள். "கையில மெஷினா இருக்கு? கத்திரிக்காயை வச்சா பார்க்கிறது?" என்று கேட்டுவிட்டு, அப்புறம் மனசு கேட்காமல் எத்தனை நாளாக வலி என்று விசாரிப்பாள்.

அவளுக்கு டாங்கிப் பைத்தியம் பிடித்தது வீட்டுக்காரரால். அவர் புல்டோசர் ஓட்டுகிறவர். ஒரு மழைநாளில் வண்டியிலிருந்து இறங்கும்போது படி வழுக்கிக் கால் முறிந்து, மாவுக்கட்டோடு கட்டிலில் கிடந்தார். சும்மா கிடக்கத் தெரியாத மனுஷர். போனில் மண் தள்ளும் வண்டிகளாகப் பார்த்துத் தள்ளினார். செயினில் ஓடுகிற எதுவானாலும் சரி, வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பார். அப்படி ஒரு நாள் போன் தானாகவே அடுத்த படத்துக்குத் தாவியது. நூறு வருஷத்துக்கு முந்தைய கறுப்பு வெள்ளைப் படம். இரண்டே பேர் உட்காரக்கூடிய சின்னஞ்சிறு டாங்கி ஒன்று, தலையில் சுழலும் கூண்டோடு, பின்னால் வளைந்த இரும்பு வாலோடு குலுங்கிக் குலுங்கிப் போனது.

"ஏம்மா, இங்க வந்து பாரு. இதுக்கு எதுக்கு வால்?" என்றார்.

அவளுக்கு எப்படித் தெரியும்? தேடிப் பார்த்துச் சொன்னாள். முதல் உலகப் போருக்காக பிரான்சில் செய்த ரெனோ டாங்கி அது. பதுங்குகுழியைத் தாண்டும்போது பின்பக்கமாகக் கவிழ்ந்துவிடாமல் இருக்க அந்த வால். அங்கேயே விட்டிருந்தால் கதை அதோடு முடிந்திருக்கும். ஆனால் போர் முடிந்தபிறகு அந்த டாங்கிகள் எங்கெங்கோ போய்ச் சேர்ந்தன என்று படித்தாள். அதில் சில சீனாவுக்குப் போயிருந்தன. அப்போது அங்கே அரசாங்கம் பேருக்குத்தான். ஆளுக்கொரு மாகாணத்தைப் பிடித்து வைத்திருந்த தளபதிகள் சொந்தப் படை வைத்துக்கொண்டு, இன்றைக்குக் கூட்டாளி, நாளைக்கு எதிரி என்று மோதிக்கொண்டிருந்தார்கள். வடகிழக்கே மஞ்சூரியாவை வைத்திருந்த தளபதியின் படையிடம் இந்த வால் டாங்கிகள் இருந்தன.

வீட்டுக்காரருக்குக் கட்டுப் பிரித்ததும் ஆர்வம் விட்டுப்போனது. அக்காவுக்கு ஒட்டிக்கொண்டது.

அதற்கு அவளுடைய வேலையும் ஒரு காரணம். அவளுக்குத் தொழிலே சாம்பல் நிறத்துக்குள் சாம்பல் நிறத்தைத் தேடுவதுதான். புள்ளி புள்ளியாய் நடுங்குகிற பழைய செய்திப்படங்களைப் பார்க்கும்போது மற்றவர்களுக்குக் கண் வலிக்கும். அவளுக்கு வேலைக்குப் போன மாதிரி இருக்கும். நிறுத்துவாள், பின்னால் ஓட்டுவாள், வெளிச்சத்தைக் கூட்டுவாள். ஆணித் தலைகள், கூண்டின் மேல் மூடி, பக்கவாட்டில் பெயின்ட் அடித்த குறி என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, ஒரு படத்தில் வந்த டாங்கி இன்னொரு படத்திலும் வருகிறதா என்று தேடுவாள்.

இப்படி ஒரு கூட்டமே இருக்கிறது என்று பிறகுதான் தெரிந்தது. போனில் அவர்களுக்கு ஒரு குரூப். அதை நடத்தியவரை எல்லோரும் 'மேஜர்' என்றார்கள். வாழ்நாளில் பட்டாளத்துப் பக்கம் எட்டிப் பார்த்தவரில்லை. வங்கியில் கேஷியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆனால் ஆதாரம் கேட்பதில் ராணுவக் கோர்ட் தோற்றுவிடும். "படம் எங்கே? எந்த நிமிஷம்? எந்தக் காப்பகம்?" இந்த மூன்று கேள்விக்கும் பதில் இல்லாமல் அங்கே யாரும் வாயைத் திறக்க முடியாது.

ஒரு பழைய அணிவகுப்புப் படத்தில் ஒரு டாங்கியை அவள் அடையாளம் வைத்திருந்தாள். அதன் வாலில் இடதுபக்க மூலை, புத்தகத்தில் பக்கத்தை மடித்துவிட்ட மாதிரி, மேல்நோக்கி மடங்கியிருந்தது. 'மடக்கு வால்' என்று அதற்குப் பெயரும் வைத்துவிட்டாள். இதை இன்னொரு படத்தில் கண்டுபிடித்துவிட்டால், அந்த வண்டி எங்கிருந்து எங்கே போனது என்று கொஞ்சமாவது சொல்லலாம்.

ஒரு நாள் ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு நேரம். ஒரு கையில் ரொட்டி, ஒரு கையில் போன். பக்கத்து நகரத்துத் திரைப்படக் காப்பகம் தன் பழைய செய்திச் சுருள்களை இணையத்தில் ஏற்றிக்கொண்டிருந்தது; அதில் ஒன்றை ஓடவிட்டாள். சிப்பாய்கள் நடந்தார்கள், நடந்தார்கள், நடந்துகொண்டே இருந்தார்கள். முன்வரிசையில் ஒரு குதிரை நொண்டிக்கொண்டே போனது. கடைசியில் ஒரு முகாம். ஒரு வால் டாங்கி நிற்கிறது. கூண்டிலிருந்து வால்வரை கயிறு கட்டி, ஒரு சிப்பாய் துவைத்த துணியைக் காயப்போடுகிறான். அந்தத் துணிக்குக் கீழே மடங்கிய மூலை தெரிந்தது. மடக்கு வால்!

ரொட்டியைக் கீழே வைத்தாள். அதே நேரம் நர்ஸ் கதவைத் தட்டினாள், அவசர கேஸ். போனைப் பையில் போட்டுவிட்டு ஓடினாள். அப்புறம் ஆஸ்பத்திரியில் ஆள் பற்றாக்குறை, வீட்டில் பெயின்ட் வேலை, அது இது என்று சில வாரங்கள் ஓடிவிட்டன. ஒரு வழியாக ஓய்வு கிடைத்த ஞாயிற்றுக்கிழமை, குரூப்பில் சந்தோஷமாக எழுதினாள்: மடக்கு வாலைப் பார்த்துவிட்டேன், வாலில் இரண்டு சட்டை காய்கிறது.

"படம் எங்கே?" என்றார் மேஜர்.

அவள் அந்தப் படத்தைத் திறந்தாள். சிப்பாய்கள் நடந்தார்கள். நடந்து முடித்தார்கள். படமும் முடிந்தது. முகாம் இல்லை, டாங்கி இல்லை, சட்டையும் இல்லை.

மறுபடி ஓட்டினாள். மெதுவாக ஓட்டினாள். வேறு படமோ என்று காப்பகத்தின் பக்கத்தையே சல்லடை போட்டுச் சலித்தாள். நடக்கிற அதே சிப்பாய்கள்தான், முன்வரிசையில் நொண்டுகிற அதே குதிரைதான். துணி மட்டும் இல்லை.

குரூப்பில் யாரோ, "அக்கா, வீட்டுத் துணி ஞாபகத்துல பார்த்திருப்பீங்க" என்று எழுதி ஒரு சிரிப்புப் பொம்மையைப் போட்டார்கள். கேலிதான், வேறு யாராக இருந்தாலும் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். அக்காவால் முடியவில்லை. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

காரணம் அவளுடைய அம்மா. அம்மாவுக்கு மறதி நோய் வந்தது இப்படித்தான். ஒரு நாள் பளீரென்று வெயில் அடித்துக்கொண்டிருந்தபோது, "மழை வருது, மாடியில துணி நனையுது, ஓடிப் போய் எடு" என்றாள் அம்மா. மாடியில் துணியே இல்லை. "இல்லம்மா" என்றால், "நான் பார்த்தேன்டி" என்பாள். வீட்டில் எல்லோரும் முதலில் சிரித்தார்கள். பிறகு தினமும் துணி நனைந்தது. பிறகு பெற்ற பிள்ளைகளின் பெயர்கள் போயின. அம்மா போய்ச் சேர்ந்தபோது, அக்காவும் அவள் தங்கையும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளாமல் மாடிக் கொடிக்கயிற்றை அவிழ்த்துவிட்டார்கள். அம்மாவுக்கு அது ஆரம்பித்த வயதை அக்காவும் நெருங்கிக்கொண்டிருந்தாள்.

அதிலிருந்து அவள் தன்னையே வேவு பார்க்கத் தொடங்கினாள். ஜெல் பாட்டிலைக் கைப்பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள். முன்பு என்றால் சிரித்திருப்பாள், இப்போது கட்டிலில் உட்கார்ந்து அந்தப் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு நோயாளியை முந்தின நோயாளியின் பெயரால் கூப்பிட்டுவிட்டாள். ரிப்போர்ட்டில் இடது சிறுநீரகம் என்று எழுதிவிட்டு, இடதுதானா, வலதா என்று திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தாள். நோயாளிகள் வரிசை வெளியே நீண்டது. 'இதே நிலைமையில் அடுத்தவர் உடம்பைப் பார்த்து எழுதலாமா?' என்று ஒரு நாள் தோன்றியபோது, வேலையை விட்டுவிடுவது என்று மனதுக்குள் பாதி முடிவு எடுத்துவிட்டாள்.

வீட்டுக்காரரிடம் மட்டும் சொன்னாள்.

"நீ பார்த்தேன்னு சொன்னா பார்த்திருக்க. அவ்வளவுதான்" என்றார் அவர்.

"அம்மாவும் பார்த்தேன்னுதானேங்க சொன்னாங்க?"

மறுநாளிலிருந்து அவர் சமையலறைக்குத் தண்ணீர் குடிக்கப் போகிற சாக்கில் கேஸ் அடுப்பு அணைந்திருக்கிறதா என்று பார்ப்பதை அவள் கவனித்தாள். கவனித்ததை அவரிடம் சொல்லவில்லை. தங்கையிடம் எதையுமே சொல்லவில்லை. தங்கை பயந்தவள், சொன்னால் இரண்டு வீட்டில் தூக்கம் போகும்.

கடைசியில் வீட்டுக்காரர்தான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகாத குறையாக டாக்டரிடம் கூட்டிப் போனார். தெரிந்த முகங்கள் வேண்டாம் என்று வேறு ஆஸ்பத்திரி. நரம்பியல் டாக்டர் ஒரு நடுவயது அம்மா. வார்த்தைகள் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொன்னார், கடிகாரம் வரையச் சொன்னார், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். தலையையும் படம் எடுத்தார்கள். முதல்முறையாக அக்கா மெஷினுக்குள் படுத்துக்கொண்டு, வெளியே உட்கார்ந்திருக்கிறவர் முகம் எப்படி இருக்கும் என்று யோசித்தாள்.

எல்லாம் பார்த்துவிட்டு டாக்டர் சிரித்தார். "நல்லாத்தான்மா இருக்கீங்க. தூக்கம்தான் இல்லை. கவலைப்பட்டுக் கவலைப்பட்டே பாதி மறதி. உங்க அம்மாவுக்கு வந்ததால உங்களுக்கும் வந்தே தீரணும்னு ஒண்ணும் கிடையாது."

நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று பாதி இறங்கியது. ஆனால் பாதிதான். "அப்போ அந்தத் துணி, டாக்டர்?" என்று கேட்டுவிட்டாள்.

"எனக்கு மூளையைத்தான் பார்க்கத் தெரியும், டாங்கி தெரியாதே! அதைக் கேட்க வேண்டிய இடத்துல போய்க் கேளுங்க."

கேட்கலாம்தான். இல்லை என்று சொல்லிவிட்டால்? அந்த பயத்தில்தான் அவள் அதுவரை காப்பகத்துக்கு ஒரு வரிகூட எழுதாமல் இருந்தாள். வீட்டுக்காரர் வாசலில் செருப்பை மாட்டும்போதே சொல்லிவிட்டார்: "வர்ற வெள்ளிக்கிழமை லீவு போடு. நானும் போடறேன். நேர்லயே போய்ப் பார்த்துடலாம்."

காப்பகம் ஒரு பழைய கட்டடத்தின் தரைத்தளம். உள்ளே நுழைந்ததும் குளிர்; அதோடு புளித்த காடி மாதிரி ஒரு வாடை. பழைய ஃபிலிம் கெடும்போது அப்படித்தான் வாடை வரும் என்று அங்கே இருந்த காப்பாளர் அம்மா சொன்னார். ஒல்லியான பெண்மணி, கையில் வெள்ளை உறை, மூக்கு நுனியில் கண்ணாடி. அக்கா வழியெல்லாம் மனதில் ஒத்திகை பார்த்து வைத்ததை மறந்து, படபடவென்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள். சிப்பாய்கள், நொண்டிக் குதிரை, கயிறு, துணி. தன் அம்மா கதையை மட்டும் விழுங்கிவிட்டாள்.

காப்பாளர் அம்மா கம்ப்யூட்டரில் தேடினார். "இந்தப் படத்துல டாங்கியே இல்லீங்களே" என்றார்.

அக்கா வீட்டுக்காரரின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இருங்க, இருங்க. சுருள் இங்கதானே இருக்கு. அதையே போட்டுப் பார்த்துடலாம்."

உள்ளே இருந்து ஒரு வட்டத் தகர டப்பா வந்தது. அறையின் நடுவில் சுருளைப் படுக்கவைத்து ஓட்டிப் பார்க்கிற பெரிய மேசை; அதில் சின்னத் திரை ஒன்று. காப்பாளர் அம்மா ஃபிலிமைச் சக்கரங்களுக்கு இடையே கோத்து, குமிழைத் திருகினார். சிப்பாய்கள் நடந்தார்கள். நொண்டிக் குதிரை போனது. வரிசை தேய்ந்து, கடைசி ஆளும் திரையை விட்டுப் போனான். திரை வெள்ளையாகப் பளிச்சென்றது. ஒட்டுப்போட்ட இடம் ஒன்று டக்கென்று தாண்டியது.

"அட! இதுக்கு அப்புறமும் ஃபிலிம் இருக்கு" என்றார் காப்பாளர் அம்மா.

கூடாரங்கள் வந்தன. புகைகிற அடுப்பு வந்தது. கேமரா கொஞ்சம் ஆடி, இடதுபக்கம் திரும்பியது.

"அதோ!" என்று கத்தியது வீட்டுக்காரர்தான். அவ்வளவு சத்தம் போடுகிற ஆள் இல்லை அவர்.

டாங்கி நின்றது. கூண்டிலிருந்து வாலுக்குக் கயிறு. ஒரு சிப்பாய் கேமராவைப் பார்த்து வெட்கப்பட்டுக்கொண்டே ஈரத் துணியை உதறிப் போட்டான். அதற்குக் கீழே, மேல்நோக்கி மடங்கிய மூலை.

அக்கா பக்கத்தில் இருந்த நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து, எதை முதலில் விடுவது என்று தெரியாமல் விக்கல் எடுத்தது. காப்பாளர் அம்மா பதறிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். டாங்கியைப் பார்த்து இப்படி அழுகிற ஆளை அவர் அதற்கு முன் பார்த்ததில்லை.

நடந்தது இவ்வளவுதான். முதலில் சுருளை முழுசாக ஏற்றியிருக்கிறார்கள். பிறகு ஒழுங்குபடுத்தும்போது, ஒட்டுப்போட்ட இடத்தைப் பார்த்துவிட்டு, இது இரண்டு வேறு படங்கள் போல என்று நினைத்து இணையத்து நகலை இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள். பின்பாதி, 'கூடார வாழ்க்கை, இடம் தெரியவில்லை' என்ற பெயரோடு வேறு மூலையில் போய் உட்கார்ந்திருக்கிறது. டாங்கி என்ற சொல்லே அதில் இல்லை. எத்தனை தேடினாலும் எப்படி அகப்படும்?

"நாங்க பிரிச்சு வச்சதுல உங்களுக்கு இவ்வளவு அலைச்சல். மன்னிச்சுக்கோங்க" என்றார் காப்பாளர் அம்மா.

"நீங்க பிரிச்சு வச்சதுக்கு உங்க கையைப் பிடிச்சு முத்தம் கொடுக்கணும் போல இருக்கு" என்றாள் அக்கா. அப்போதுதான் தன் அம்மாவைப் பற்றிச் சொன்னாள். காப்பாளர் அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்.

அப்புறம் இருவரும் மேசையில் குனிந்து, படத்தை முன்னும் பின்னும் ஓட்டினார்கள். இது சீனாவாகத்தான் இருக்குமா என்று காப்பாளர் அம்மா கேட்க, "நான் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனா சத்தியம் பண்ண மாட்டேன். அந்த ஒட்டு எதுக்குப் போட்டாங்கன்னு உங்களுக்குத்தானே தெரியும்?" என்றாள். ஒட்டின் பசையைப் பார்த்து, சுருளைத் தயாரித்தவர்களே போட்ட பழைய ஒட்டு, அதனால் இரண்டு பாதியும் ஒரே படம்தான் என்று அவர் சொன்னார். இரண்டு பெண்களும் நேரம் போவதே தெரியாமல் பேசிக்கொண்டிருக்க, வீட்டுக்காரர் திரையை உற்றுப் பார்த்துவிட்டு, "செயின் தொங்குது. டைட் பண்ணாமலேயே ஓட்டியிருக்கான் படுபாவி" என்று வருத்தப்பட்டார்.

நிறுத்திப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. இரண்டு சட்டை இல்லை. ஒரு சட்டைதான். மற்றது, சிப்பாய்கள் முழங்காலுக்குக் கீழே சுற்றிக் கட்டுகிற நீளத் துணிப்பட்டை.

"ரெண்டுன்னு நினைச்சேனே" என்றாள் அக்கா. குரலில் பழைய பயம் லேசாக எட்டிப் பார்த்தது.

"ரொட்டி சாப்பிட்டுக்கிட்டே பார்த்தா அப்படித்தான். அந்தச் சட்டைக்காகவெல்லாம் இன்னொரு தடவை லீவு போட முடியாது" என்றார் வீட்டுக்காரர். அவள் சிரித்துவிட்டாள்.

காப்பாளர் அம்மா கொடுத்த இணைப்பை ரயிலில் உட்கார்ந்தபடியே குரூப்பில் போட்டாள். எந்தப் படம், எந்த நிமிஷம், எந்தக் காப்பகம், எல்லாம் சேர்த்து. கேலி செய்தவர் ஒரு கும்பிடு பொம்மை அனுப்பினார். மேஜரின் பதிலும் பிறகு வந்தது: "துணியை ஏற்றுக்கொள்கிறேன். வால் அதே வால்தானா என்பதில் சந்தேகம் இருக்கிறது. வேறொரு டாங்கியும் அப்படி மடங்கியிருக்கலாம்." மனுஷன் மாறவே இல்லை. அக்காவுக்கு அவர் மேல் அன்றைக்கு வந்த பாசத்துக்கு அளவில்லை. தலையில் கோளாறு உள்ளவளாக நினைக்காமல், தப்புச் சொல்லக்கூடிய ஒரு சாதாரண ஆளாக மதித்து அவர் மறுபடி தன்னோடு சண்டைக்கு வந்திருக்கிறார். ஆணி வரிசையைக் காட்டி, நீளமாகப் பதில் எழுதினாள்.

அதற்குப் பிறகுதான் தங்கையைக் கூப்பிட்டாள். இனிமேல் மறைக்க என்ன இருக்கிறது? துணி, டாக்டர், தலையைப் படம் எடுத்தது, காப்பகம் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

"ஏய், இருக்கியா? அழறியா?"

"நானும் போனேன்க்கா" என்றாள் தங்கை.

"எங்க?"

"அதே டெஸ்ட்டுக்குத்தான். போன வருஷமே. ரெண்டு தடவை சாவியை மறந்துட்டு வந்துட்டேன், பயந்துட்டேன். உன்கிட்ட சொன்னா நீ பயப்படுவேன்னு சொல்லலை. எல்லாம் நார்மல்னுட்டாங்க."

அம்மா போனபிறகு இத்தனை நாள், இருவரும் தனித்தனியாக ஒரே இருட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். "அடிப்பாவி" என்றாள் அக்கா.

"நீ மட்டும் என்னவாம்?" என்றாள் தங்கை. "உன்னையும் கடிகாரம் வரையச் சொன்னாங்களா? நான் முள்ளை நீட்டமா போட்டு வட்டத்துக்கு வெளியே வந்துடுச்சுக்கா. அவ்வளவுதான், கதை முடிஞ்சுதுன்னு நினைச்சேன்."

"எனக்குக் கழித்தல் கணக்கு. அம்பத்தெட்டுக்கு மேல நகரவே மாட்டேங்குது. பள்ளிக்கூடத்துலயும் எனக்குக் கணக்கு வராதுன்னு டாக்டர்கிட்ட சொல்லிப் பார்த்தேன்."

ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்தவர் நிமிர்ந்து பார்க்கிற அளவுக்குச் சிரித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றாள் தங்கை. படத்தை இப்போதே அனுப்பு, என்னதான் அப்படி இருக்கிறது பார்க்கிறேன் என்றாள். அக்கா அனுப்பினாள். கொஞ்ச நேரத்தில் தங்கையே கூப்பிட்டாள். டாங்கியைப் பற்றியோ, வாலைப் பற்றியோ, தளபதிகளைப் பற்றியோ அவளுக்கு ஒரு கேள்வியும் இல்லை.

"ஏன்க்கா, அந்தப் பையன் துணியைப் பிழியவே இல்லையே? தண்ணி எப்படி சொட்டுது பாரு. இப்படிப் போட்டா எப்போ காயறது?"

வீட்டுக்காரர் ஜன்னலில் தலையைச் சாய்த்து அதற்குள் குறட்டை விட ஆரம்பித்திருந்தார். அக்கா போனைக் காதோடு அணைத்துக்கொண்டு, அந்தப் பையனுக்குச் சண்டைக்கு நடுவில் பிழிய நேரம் இருந்திருக்காது என்று தங்கையோடு வாதாடிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தாள். திங்கட்கிழமை அவள் எழுதிய ரிப்போர்ட்டுகளை ஒரே தடவைதான் சரிபார்த்தாள்.